அலைகரைப் புல்: வன்னியில் ஐந்து நாள்

முதல் நாள், ஜூலை 14

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போதே வழக்குத் தொடங்கிவிட்டது. சாக்குக்குள் ஆறு இரும்பு வளையம், ஒரு சுத்தியல், மண்வெட்டி, மடித்து வைத்த இரண்டு கம்பிக்கூடு. நடத்துநர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இரும்புக்கடைக்கோ?" என்றார். மண் எப்படித் தண்ணி குடிக்கிறது என்று பார்க்கிற சாமான் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். என்னோடு படித்த அக்கா ஒருவர் மேய்ச்சல் தரைகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். மண், தண்ணீர், புல், பூச்சி எல்லாம் சேர்த்து. காலம் காலமாக மாடு மேய்ந்தும் கெட்டுப்போகாத தரை எப்படிக் கெடாமல் இருக்கிறது, பக்கத்திலேயே கெட்டுப்போன தரை ஏன் கெட்டது என்பதுதான் அவருடைய கேள்வி. நான் குழி தோண்டுகிற ஆள். கூலி, மூன்று நேரச் சாப்பாடும் பஸ் காசும். வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருப்பவனுக்கு இது மோசமான பேரம் இல்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ9 வீதியில் போகிற யாரும் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை, கச்சான் வாங்காமலும் தாண்டுவதில்லை. இரண்டாவதைப் பிள்ளையாரே ஏற்படுத்தி வைத்தார் என்பது என் ஊகம். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நின்றோம். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. வன்னிக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்க்கும். மற்ற மாதங்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மனிதரும் மாடும் குளமும் காலம் தள்ள வேண்டும். ஆடி பிறக்கப் போகிற இந்த நேரத்தில் தரை எல்லாம் காய்ந்த பாண் மாதிரி.

ஒட்டுசுட்டானில் அக்காவின் பெரியம்மா வீட்டில்தான் தங்கல். பின்னேரமே மோட்டார் சைக்கிளில் போய்ப் பட்டிக்கார ஐயாவைக் கண்டோம். எழுபதைத் தாண்டிய மனிதர். தோளில் துவாய், இடுப்பில் ஒரு வளைந்த கத்தி. எங்கள் சாமான்களை ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "பிள்ளை, மண்ணைத் தோண்டி என்னத்தைக் காணப்போறியள்?"

"மாடு மேய்ஞ்சா தரை கெட்டுப்போகும் எண்டு சொல்லுகினம் ஐயா. அது உண்மையோ எண்டு பாக்கத்தான்."

"ஆர் சொல்லுறது? மாடு வளர்க்காதவங்களோ?"

அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, தன் பெயரையோ குளத்தின் பெயரையோ எழுதக் கூடாது. காணிப் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றது, தான் காட்டாத இடத்தில் மண்வெட்டி போடக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு அவர் காரணம் சொல்லவில்லை. போர் முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் வன்னியில் புதிதாக ஒரு குழி தோண்டுவதென்றால் இடம் தெரிந்த ஆளைக் கேட்டுத்தான் தோண்ட வேண்டும். அது எங்களுக்கும் தெரியும்.

இரண்டாம் நாள், ஜூலை 15

காலையில் காலைக்குப் போனோம். வாசிக்கிற இந்தியத் தமிழர்களுக்காக: மாடுகளை இரவில் அடைக்கிற வேலிக்குள் இருக்கிற இடத்துக்கு இங்கே காலை என்றுதான் பெயர். சுற்றிவர அலம்பல் வேலி, வாசலுக்கு இரண்டு குறுக்குத் தடி. உள்ளே நூறு மாட்டுக்கு மேல். எல்லாம் நாட்டு மாடு. சின்ன உடம்பு, பெரிய கொம்பு, தொடையில் சுட்ட குறி. ஒரு பசு ஒன்றரை லீற்றர் பால் தந்தால் அது நல்ல பசு. ஐயாவின் மகன் கறந்துகொண்டிருந்தார். கன்றுகள் வேலிக்கு வெளியே நின்று கத்திய கத்தலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

பால் வண்டி போன பிறகு ஐயா எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நடக்கும்போதே ஒரு பட்டியின் வருடத்தைச் சொன்னார். காலபோக விதைப்புத் தொடங்கினால் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது. ஆகவே புரட்டாதி கடைசியில் பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே தற்காலிகக் காலை கட்டி மழை முழுவதும் இருப்பு. மோட்டைகளில், காட்டுக்குள் இருக்கிற சின்னக் குளங்களில், தண்ணீர் நிற்கும், மரத்தடியில் புல் முளைக்கும். மாசி பங்குனியில் அரிவி வெட்டி முடிந்ததும் இறங்கி வந்து வயல் ஒட்டில் மேய்ச்சல். பிறகு வெயில் ஏற ஏறக் குளம் வற்றும். வற்றிய இடத்தில் பச்சைப் புல் வரும். தண்ணீருக்குப் பின்னாலேயே மாடும் இறங்கும். அலைகரை என்பது அந்த இடம்தான், குளம் நிரம்பினால் தண்ணீரும் வற்றினால் புல்லும் நிற்கிற தரை. மழை வரக் குளம் நிரம்பும், பட்டி திரும்பவும் மேட்டுக்கு.

"இப்ப மேட்டுக்குப் போறேல்லையோ ஐயா?"

"எங்க போறது? கல்லுப் போட்டிட்டாங்கள்."

எல்லைக் கல். யார் போட்டது என்பதை நான் எழுதவில்லை. அதுவும் நிபந்தனைக்குள் அடக்கம். ஐந்தாறு வருடமாக மழைக்காலத்திலும் பட்டி இந்தக் குளத்தைச் சுற்றியே நிற்கிறது.

ஐயாவின் மச்சான் ஒருவருடைய பட்டி மட்டும் வேறு கதை. அவருக்குக் குளத்தின் மறுபக்கத்தில் பரம்பரையாக வந்த தரவைக் காணி, அதாவது திறந்த புல்வெளி, உண்டு. அதை ஒரு மருத மரம், ஒரு புற்று, ஒரு பழைய கிணறு என்று அடையாளம் வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார். புல் நாலு விரல் உயரத்துக்கு வந்தால் மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றுவார். திரும்ப ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் பழைய துண்டுக்கு வருவார். மழைக்காலத்தில் மேட்டில் உள்ள தன் சொந்தத் தோட்டக் காணியில் கட்டுவார். விரலும் சாணும்தான் அவருடைய அளவுகோல். எங்கள் கையேட்டில் இதற்கு இரண்டு பக்க விளக்கமும் ஒரு வரைபடமும் இருக்கிறது.

சரி, வளையத்துக்கு வருகிறேன். 15 சென்ரிமீற்றர் அகல இரும்பு வளையத்தைப் பாதி உயரம் மண்ணுக்குள் போகும்வரை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்க வேண்டும். உள்ளே ஒரு பொலித்தீன் விரித்து 450 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றினால் ஒரு அங்குல உயரம் நிற்கும். பொலித்தீனை மெல்ல இழுத்துவிட்டு மணிக்கூட்டைத் தட்ட வேண்டும். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவது ஊற்றுத்தான் கணக்கு. தண்ணீர் முழுவதும் இறங்கி மண் பளபளப்பாக மினுங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் வெயிலில் குந்தி இருந்து தண்ணீர் மறைவதைப் பார்ப்பது ஒருவகைத் தவம்.

ஐயாவின் பட்டி நிற்கிற அலைகரையில் முதலாவது வளையம். இரண்டாம் முறை ஊற்றினோம். நான் பாணும் சம்பலும் சாப்பிட்டு முடித்தேன். அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி முடித்தார். தண்ணீர் அப்படியே நிற்கிறது, மேலே ஒரு எறும்பு நீந்துகிறது. அரை மணித்தியாலம் ஆகியும் கால் அங்குலம்தான் இறங்கியிருந்தது. குளத்தின் மறுபக்கம் போய் மச்சானின் தரவையில் அதே வளையம், அதே அளவு தண்ணீர்: நான் மணிக்கூட்டை ஒழுங்காகப் பிடிப்பதற்குள் பாதி போய்விட்டது. நாலு நிமிடம்கூட இல்லை. பிழையோ என்று இன்னும் மூன்று இடத்தில் வைத்தோம். கொஞ்சம் கூடக் குறைய, அதேதான்.

இரண்டும் ஒரே மண், ஒரே மழை. நெருக்கமான அளவில் அதே நாட்டு மாடு. என்ன வித்தியாசம்?

அக்கா இரண்டு இடத்திலும் மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டித் தூக்கிக் காட்டினார். தரவை மண்ணில் அறுகின் வேர் ஒரு முழத்துக்கு இறங்கிக் கட்டியை வலை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவே மண்புழு போன ஓட்டைகள். அலைகரை மண்ணில் மேலே மூன்று விரல் கனத்துக்குச் செங்கல் மாதிரி ஒரு தட்டு. வேர்கள் அந்தத் தட்டுக்கு மேலேயே பக்கவாட்டில் ஓடித் திரும்பியிருந்தன. புல் தன் இலையில் பாதிக்குமேல் கடிபட்டால் சில நாட்களுக்கு வேர் வளர்ப்பதை நிறுத்திவிடும். தினமும் கடிபட்டால் வேர் குட்டையாகவே நின்றுவிடும். அதோடு, பள்ளத்தில் உள்ள சாம்பல் நிறக் களிமண் நனைந்திருக்கும்போது குளம்பு பட்டால் உள்ளே இருக்கிற துளைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். காய்ந்த தரையில் நூறு மாடு நடப்பதைவிட ஈரக் களியில் பத்து மாடு நடப்பது மோசம். மேட்டுச் செங்கபில மண் அப்படி இல்லை. மழை விட்டதும் வடிந்துவிடும், குளம்பைத் தாங்கும்.

இதை அக்கா சொல்லிக்கொண்டு போகும்போது எனக்கு உறைத்தது. ஐயா சொன்ன அந்தப் பழைய வருடக் கணக்கு வெறும் நெல்லுக்காக மாட்டை விலக்கிய கணக்கு இல்லை. பள்ளத்து மண் எந்த மாதங்களில் மாட்டைத் தாங்காதோ, அந்த மாதங்களில் மாடு பள்ளத்தில் நிற்காது. சுற்றில் பாதியை வெட்டிவிட்டால் மீதிப் பாதி கெடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மாடு தரையைக் கெடுக்கிறது என்கிறோம்.

மூன்றாம் நாள், ஜூலை 16

இன்று நட்டம். காலை பத்து மணிக்குள் பதினொரு இடத்தில் மண் எடுத்தோம். ஒவ்வொன்றும் 100 கன சென்ரிமீற்றர் உருளைக் குழாயில் அளந்து எடுத்தது. ஆய்வுகூடத்தில் 105 பாகையில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து நிறுத்தால் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும். இந்த வகை மண்ணில் கன சென்ரிமீற்றருக்கு 1.6 கிராமைத் தாண்டினால் வேர் இறங்கச் சிரமப்படும். பைகளுக்கு மேலே காகிதத் துண்டு கட்டி இடத்தை எழுதி, மர நிழலில் வரிசையாக வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு நாகு, கன்று போடாத இளம் பசு, கண்ணை மூடி அசை போட்டபடி நின்றது. வாயோரத்தில் காகிதத் துண்டு. ஏழு பையில் பெயர் இல்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம். ஏழு இடத்திலும் திரும்பத் தோண்டினேன். இனிமேல் பென்சிலால் எழுதிய துண்டு ஒன்று பைக்கு உள்ளேயும் போகும். பேனை மை ஈர மண்ணில் கரைந்துவிடும். மாடு மண்ணைத் தின்னாது என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

பின்னேரம் மூன்றாவது இடத்துக்குப் போனோம். வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய காணி, முள்ளுக்கம்பி அடித்துப் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருக்கிற உறவினர் திறந்துவிட்டார். மாடே போகாத தரை என்றால் அருமையாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்ததும் இடுப்பளவு பார்த்தீனியம். வெள்ளைப் பூவோடு நிற்கும், மாடு வாய் வைக்காது. தப்பித் தவறித் தின்றால் பால் கசக்கும். இலங்கைக்குள் அது முதலில் கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று வவுனியா. எண்பதுகளின் கடைசியில் இந்தியப் படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். யார் கொண்டுவந்தாலும் போகமாட்டேன் என்று நிற்கிறது.

வளையத்தில் தண்ணீர் இங்கேயும் சீக்கிரம் இறங்கியது. கறையான் வேலையும் சருகும் இருக்கிற மண், மாட்டின் பாரம் இல்லை, இறங்கத்தானே வேணும். ஆனால் ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டத்தைப் போட்டு உள்ளே உள்ள செடிகளை எண்ணினால் புல் எங்கேயோ ஒன்று இரண்டு. நாயுண்ணி, பார்த்தீனியம், பழைய காய்ந்த புல்லின் மெத்தை. அந்த மெத்தைக்குக் கீழே வெளிச்சம் போகாமல் புதுப் புல் முளைக்கவில்லை. மச்சானின் தரவையில் அதே சட்டத்துக்குள் பதினாலு வகை எண்ணியிருந்தோம். ஆகவே வேலியை அடித்துப் பூட்டினால் இயற்கை தன்பாட்டில் திரும்பிவிடும் என்கிற கதையை நான் இனி நம்பப் போவதில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை நல்ல தரை, புல்லைப் பொறுத்தவரை பாழ். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல முடியாது.

அக்காவுக்கு இரவு முழங்கை வரை அரிப்பு. பார்த்தீனியம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பெரியம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டார்.

நான்காம் நாள், ஜூலை 17

ஆடிப்பிறப்பு. பெரியம்மா விடியப்புறமே எழும்பிக் கூழ் காய்ச்சிவிட்டார். பனங்கட்டி, தேங்காய்ப்பால், பயறு, தேங்காய்ச் சொட்டு, கூடவே கொழுக்கட்டை. பலா இலையைக் கோலிக் குடித்தோம். ஐயாவுக்கென்று ஒரு தூக்குச்சட்டி நிரப்பித் தந்துவிட்டார். நாங்கள் போனபோது அங்கே அவருடைய மனைவி இன்னொரு சட்டியோடு நின்றார். ஆக, ஒரு நாளில் இரண்டு வீட்டுக் கூழ். மண் ஆய்வின் இந்தப் பகுதியை நான் எந்த அறிக்கையிலும் எழுதத் தயார்.

இன்றைக்கு வேலை சாணி வண்டு. நேற்றுப் பின்னேரமே தரவையிலும் அலைகரையிலும் பொறி வைத்திருந்தோம். பொறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை வாய் தரைமட்டத்தில் வரும்படி புதைத்து, மேலே ஒரு தடியில் வலைத்துணிப் பொட்டலமாக மாட்டுச் சாணத்தைக் கட்டித் தொங்கவிடுவது. மணத்துக்கு வருகிற வண்டு கோப்பைக்குள் விழும். ஐயாவின் பேரன், ஐந்தாம் வகுப்பு, எங்களுக்கு முன்னமே போய் எண்ணிவிட்டான். "அண்ணை, இதில இருபத்தாறு, அந்தப் பக்கம் மூண்டு!"

அவனை நம்பாமல் இல்லை, ஆனாலும் எண்ணினோம். அவன் ஒன்று விட்டிருந்தான்.

பொறியைவிட எனக்குப் பிடித்தது, தரவையில் அப்போதுதான் போட்ட ஒரு சாணத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தது. ஆவி அடங்கவில்லை, முதலில் ஈ. பிறகு காற்றை எதிர்த்து ஒரு குட்டி விமானம் மாதிரி இரைந்துகொண்டு கறுப்பாக ஒன்று வந்து, பொத்தென்று விழுந்து, செட்டையை மடித்து உள்ளே போனது. பத்து நிமிடத்தில் சாணத்தின் மேல்தட்டு தானாக அசையத் தொடங்கியது. கீழே மண்ணைத் தோண்டிக் கொத்துக் கொத்தாகச் சாணத்தை இறக்குகிறார்கள். ஒரு குச்சியால் ஓரத்தை மெல்லத் தூக்கினால் விரல் போகிற அளவு நாலு ஓட்டை. அந்த ஓட்டைகளுக்குள்தான் அடுத்த மழை இறங்கும். முந்தாநாள் வளையத்தில் தண்ணீர் அவ்வளவு வேகமாகப் போனதற்கு இவர்களும் ஒரு காரணம். ஒரு மாடு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சாணம் போடும். வண்டு இல்லாவிட்டால் அது வெயிலில் வறட்டியாகக் காய்ந்து, அடியில் உள்ள புல்லையும் சாகடித்துவிட்டு, மாதக் கணக்கில் கிடக்கும். ஐயாவின் அலைகரையில் அப்படித்தான் கிடந்தது.

அங்கே வண்டு குறைந்ததற்குத் தரை இறுகியது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்றை அக்கா தோண்டித் துருவிக் கேட்டு எடுத்தார்: போன மாதம் முழுப் பட்டிக்கும் பூச்சி மருந்து போட்டார்களாம். ஐவர்மெக்டின் வகை மருந்து என்றால் சாணத்தோடு வெளியே வரும். அதைத் தின்கிற வண்டின் குடம்பிகள் தப்பாது. மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது, மாட்டைப் பார்க்காமல் வண்டைப் பார்க்கச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை. நோஞ்சானாக இருக்கிற மாட்டுக்கு மட்டும் போடலாம், அதையும் வண்டு அதிகம் பறக்காத வரட்சி மாதங்களில் போடலாம் என்றார் அக்கா. ஐயா தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டதற்கான ஆட்டலா, மரியாதைக்கான ஆட்டலா, தெரியவில்லை.

மத்தியானம் குளத்துக்குள். கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வாசி கால்வாசியாகப் பெயின்ட் அடித்த வட்டத் தட்டு, நடுவில் கயிறு. தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்க அதைத் தண்ணீருக்குள் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் அளப்பது. எங்கள் தட்டு ஒரு பழைய வாளி மூடி. எருமைகள் படுக்கிற மூலையில் தட்டு முழங்கைக்கு மேலே இறங்கும் முன்னரே மறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, மேல்காடு பக்கமிருந்து வாய்க்கால் வந்து சேருகிற மூலை. போன வருடம் யாரோ அலைகரையை உழவு இயந்திரத்தால் உழுது உழுந்து போட்டிருக்கிறார்கள். எருமை இல்லாத அந்த மூலையில் அடியில் கால் வைத்தால் தொடை வரை சேறு.

உழாமல் புல்லாகவே விட்ட மற்ற வாய்க்கால் வாயில் கால் அடியில் மணல் தட்டுப்பட்டது. கோரையும் புல்லும் நெருக்கி நிற்கிற இப்படியான பட்டையைச் சிங்களக் கிராமங்களில் பெரகன என்பார்கள், வடிகட்டி என்று பொருள். காட்டிலிருந்து வருகிற வெள்ளம் புல்லுக்குள் புகுந்து, வேகம் குறைந்து, வண்டலை அங்கேயே போட்டுவிட்டுக் குளத்துக்குள் இறங்கும். வறண்ட வலயத்தின், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்குகிற அடுக்குக் குளங்களை 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் உலகின் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. குளக்கட்டையும் துருசையும் மட்டும் பார்த்து அந்த மதிப்பு வரவில்லை, மேலே உள்ள மரக்கூடலும் இந்தப் புல்லும் கீழே உள்ள வயலும் சேர்ந்த முழு ஏற்பாட்டுக்குத்தான். இங்கே குளம் திருத்துகிறோம் என்றால் குளக்கட்டை உயர்த்திக் கல் பதித்துப் படம் எடுப்பதோடு சரி. புல்லுக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

மேய்ச்சல் இல்லாவிட்டால் அந்தப் பட்டையும் பற்றைக் காடாகிவிடும். அளவோடு மேய்ந்தால் அடர்ந்து படர்ந்து நிற்கும். இதை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, ஐயாவின் மனைவி. "புல்லுக்கும் மயிருக்கும் ஒரே குணம் தம்பி, வெட்ட வெட்டத்தான் அடர்த்தி. மொட்டை அடிச்சுக்கொண்டே இருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள், ஜூலை 18

கம்பிக்கூடு இரண்டையும் வைக்கிற நாள். ஒரு மீற்றர்ச் சதுரக் கூடு, மாடு வாய் வைக்க முடியாதபடி புல்லை மூடி நிற்கும். மூன்று மாதம் கழித்துக் கூட்டுக்குள் உள்ள புல்லையும் வெளியே உள்ளதையும் வெட்டிக் காயவைத்து நிறுத்தால் மாடு எவ்வளவு தின்றது, தரை எவ்வளவு தந்தது என்று தெரியும். ஒன்று அலைகரையில், ஒன்று தரவையில். மாடு உரசிச் சாய்க்காமல் நாலு மூலையிலும் கதியால் அடித்தேன். பேரன் காவல் காப்பதாக வாக்குத் தந்திருக்கிறான். கூலி, அடுத்த முறை வரும்போது ஒரு கிரிக்கெட் பந்து.

பாலை மரத்தடியில் இருந்தோம். பழக் காலம் முடியப் போகிறது, ஆனாலும் பேரன் ஏறி ஒரு கிளையை உலுப்பினான். மஞ்சள் பழம், பாசிமணி அளவு. இனிப்பென்றால் தொண்டை வரை இனிப்பு, பால் உதட்டில் ஒட்டிப் பேச முடியாமல் செய்துவிடும். அந்த ஒட்டுவாயோடு ஐயா 2022 மார்கழியைச் சொன்னார்.

மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். மழையோடு இங்கே யாரும் அறியாத ஒரு குளிர்காற்று. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்த அந்த இரண்டு நாளில், ஐயாவின் பட்டியில் விடியும்போது பதினேழு விழுந்து கிடந்தன. நோய் இல்லை, வெள்ளம் இல்லை. நனைந்த உடம்பு, வயிற்றில் தீனி இல்லை, சுற்றிவர ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெட்டை.

"மேட்டில எண்டா காடு காத்தை மறிக்கும். பாலைக்குக் கீழ, வீரைக்குக் கீழ நெருக்கிக்கொண்டு நிண்டிருக்குங்கள். மாடெண்டா ஒண்டை ஒண்டு சூடாக்கும். இங்க வெளியில கட்டினபடியா..." என்று நிறுத்தி, உதட்டில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடம் கேட்டார்: "பிள்ளை, உங்கட புத்தகத்தில பட்டி எந்த வழியால போய் வரவேணும் எண்டு எழுதுவீங்களோ? எழுதினா அதைக் காட்டிக் கதைக்கலாம்."

அக்காவிடம் உடனடிப் பதில் இல்லை. ஆய்வு என்பது மண்ணின் அடர்த்தி, வண்டின் எண்ணிக்கை, தண்ணீரின் வேகம். வழியைப் பற்றி அதில் ஒரு பெட்டிகூட இல்லை. பிறகு பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து, "சொல்லுங்கோ ஐயா, நான் கீறுறன்" என்றார். ஐயா பென்சிலை நம்பவில்லை. ஒரு தடியை எடுத்துத் தரையில் கீறத் தொடங்கினார். இது குளம், இது மோட்டை, இது இரண்டாம் மோட்டை, இதில் மாடு ஒரு இரவு தங்கும், இந்த ஆலடியில் வைரவருக்குப் பொங்கிவிட்டுத்தான் ஏற்றம். இந்த இடத்தில் இப்போது கல். இங்கே வயல். இங்கே ஆர்மி காம்ப் இருந்தது, இப்போது இல்லை. மொத்தம் ஒன்பது இடம். ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் நிற்பது, எந்தத் தண்ணீரை எந்த மாதத்தில் குடிப்பது என்று எல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. அக்கா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த ஒன்பது இடத்துக்கும் நடந்து போய் ஒவ்வொன்றிலும் வளையம் வைப்பதாகச் சொன்னார். கார்த்திகையில், மழைக்குள்ளே.

"அப்ப சப்பாத்தோட வராதேங்கோ" என்றார் ஐயா.

மத்தியானப் பஸ். நாற்பத்திரண்டு மண் பை, மூன்று சாக்கு. வந்தபோது இருந்த நடத்துநர் இல்லை, இது வேறொருவர். சாக்குகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றுக்கும் தனித்தனி ரிக்கெற் கிழித்தார். உள்ளே என்ன என்று கேட்டார். மண் என்றேன்.

"ஏன், யாழ்ப்பாணத்தில மண் இல்லையோ?"